கட்சி மேலிடம் வேண்டாம் என்றாலும் ஒருவர் வேட்பாளராவது எப்படி? அமெரிக்கக் குடியரசுக் கட்சியை வைத்து ஓர் எளிய விளக்கம்

2016இல் டொனால்ட் டிரம்ப் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். அதற்கு முந்தைய தேர்தலில் அதே கட்சி நிறுத்திய மிட் ராம்னி, இவருக்கு எதிராகவே மேடை ஏறிப் பேசியிருந்தார். கட்சியின் முன்னாள் அதிபர்களான புஷ் தந்தையும் மகனும் ஆதரவு தரவில்லை. போட்டி தொடங்கிய அயோவா மாநிலத்தில் முதல் வாக்கு பதிவாகும் வரைக்கும், பதவியில் இருந்த ஒரு செனட்டரோ ஒரு மாநில ஆளுநரோகூட அவர் பக்கம் வரவில்லை. அப்படியும் அவர்தான் வேட்பாளர்.

நம்மூர் அரசியலைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது எப்படி நடக்கிறது என்று சட்டெனப் புரியாது. இங்கே கட்சி கொடுக்கும் பி படிவம் இல்லாமல் யாரும் அந்தக் கட்சியின் வேட்பாளராக முடியாது, மேலிடம் வேண்டாம் என்றால் அத்துடன் கதை முடிந்தது. அமெரிக்காவில் அந்த மாதிரிக் கையெழுத்துப் போடும் ஆளே கிடையாது. கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதைக் கட்சியின் வாக்காளர்களே ஒரு தேர்தலில் முடிவு செய்கிறார்கள். அதன் பெயர் பிரைமரி. சில மாநிலங்களில் வாக்குச்சாவடிக்குப் பதிலாக மாலை நேரக் கூட்டம் ஒன்றில் கூடித் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு காகஸ் என்று பெயர்.

மேலிடத்துக்கும் வெளியாளுக்கும் நடக்கும் சண்டையை இரண்டு மனிதர்களின் குணச் சண்டையாகப் பார்க்கிற வரை அது விளங்காது என்பது என் கருத்து. யார் கையில் கதவு இருக்கிறது, விதியில் என்ன எழுதியிருக்கிறது, எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான முடிவுகள் விளங்கிவிடும்.

முதலில் டெலிகேட் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரைமரியில் மக்கள் போடும் வாக்கு நேராக வேட்பாளரை உருவாக்குவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை டெலிகேட்டுகள் என்று ஒதுக்கியிருப்பார்கள், மாநிலத் தேர்தல் முடிவைப் பொறுத்து அவர்கள் ஒவ்வொருவர் கணக்கில் சேருவார்கள், கடைசியில் தேசிய மாநாட்டில் யாருக்குப் பாதிக்கு மேல் இருக்கிறதோ அவரே வேட்பாளர். 2016இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2472 டெலிகேட்டுகள், ஜெயிக்க 1237 வேண்டும். வாக்குகள் எப்படி டெலிகேட்டாக மாறுகின்றன என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்த விதிதான் பல நேரங்களில் ஆளையே தீர்மானிக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, மேலிடம் என்றால் யார்? ஒரு அலுவலகமோ ஒரு தலைவரோ இல்லை. ஆளுநர்கள், செனட்டர்கள், பெரிய நன்கொடையாளர்கள், தேர்தல் வேலை பார்க்கும் ஆலோசகர்கள், கட்சியின் தேசியக் குழு, சில பத்திரிகை ஆசிரியர்கள், இவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு வட்டம். இவர்கள் ஒரே மனதாக ஒருவரைச் சுற்றிக் கூடிவிட்டால் அவருக்குப் பணமும் ஆதரவு அறிக்கைகளும் வந்து குவியும், மற்றவர்களுக்கு மூச்சு விட இடமிருக்காது. கூடாவிட்டால் இந்த வட்டத்தால் எதையும் தடுக்க முடியாது, ஏனென்றால் யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மேலிடம் என்றால் மிதவாதம், வெளியாள் என்றால் தீவிரப் பழமைவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது எப்போதும் உண்மை இல்லை. 1940இல் பிலடெல்பியா மாநாட்டில் ஆறாவது சுற்றில் வென்ற வெண்டல் வில்கி ஒரு மின்சார நிறுவனத்தின் தலைவர், எந்தப் பதவிக்கும் தேர்தலில் நின்றதே இல்லை, கொஞ்ச காலம் முன்புவரை போட்டிக் கட்சியான ஜனநாயகக் கட்சியில் இருந்தவர். இதைவிட வெளியாளாக ஒருவர் இருக்க முடியாது. ஆனால் அவரை முன்னால் தள்ளியதில் கிழக்குக் கரையின் பெரிய பத்திரிகை முதலாளிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. 1952இல் இன்னும் தெளிவாக நடந்தது. ‘மிஸ்டர் ரிபப்ளிகன்’ என்றே பெயர் வாங்கிய ஒஹையோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட் கட்சிக்காரர்களின் ஆள், கொள்கையில் உறுதியான பழமைவாதி. அவரைத் தோற்கடித்தது அதுவரை எந்தக் கட்சியிலும் இல்லாத ராணுவத் தளபதி ஐசனோவர். அந்த வெளியாளை அழைத்து வந்ததே கிழக்குக் கரை மேலிடம்தான். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் இரண்டு தரப்பும் தனித்தனி டெலிகேட் பட்டியல்களோடு சிகாகோ மாநாட்டுக்கு வர, எந்தப் பட்டியல் செல்லும் என்ற விதிமுறைச் சண்டையில் ஐசனோவர் தரப்பு வென்றது, அத்தோடு வேட்பாளர் யார் என்பதும் முடிவாகிவிட்டது. டாஃப்ட் ஆதரவாளர்கள் அதை மறக்கவே இல்லை.

அந்த ஆறாத கோபத்திலிருந்து கிளம்பியதுதான் 1964. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழிருந்து ஒரு கட்சியை எப்படிக் கைப்பற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் அரசின் செலவு, தொழிற்சங்க அதிகாரம், சோவியத்தோடு சமரசம் எல்லாவற்றையும் எதிர்த்த பழமைவாதி. மேலிடத்தின் முகம் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர், அந்தப் பெயரே பணம் என்று அர்த்தம் கொள்ளும் குடும்பம். அந்தக் காலத்தில் பிரைமரி நடந்த மாநிலங்கள் குறைவு. பெரும்பாலான டெலிகேட்டுகள் வட்டார அளவிலான சின்னச் சின்னக் கட்சிக் கூட்டங்களில், அங்கிருந்து மாவட்டக் கூட்டம், அப்புறம் மாநில மாநாடு என்று படிப்படியாகத் தேர்வானார்கள். அந்தக் கீழ்மட்டக் கூட்டங்களுக்கு யாரும் வரமாட்டார்கள், பத்துப் பேர் வந்தாலே அதிகம். கிளிஃப்டன் வைட் என்ற அமைப்பாளர் இதைக் கவனித்தார். கோல்ட்வாட்டரே நிற்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஊர் ஊராக ஆள் சேர்த்து, விதிகளைச் சொல்லிக்கொடுத்து, இந்தக் காலியான கூட்டங்களை நிரப்பத் தொடங்கினார். மேலிடம் விழித்துப் பார்த்தபோது பாதி மாநிலங்களில் தரை அவர்கள் காலடியில் இல்லை.

கடைசித் தடை கலிஃபோர்னியா பிரைமரி, ஜூன் 2. ராக்ஃபெல்லர் மனைவியை விவாகரத்து செய்து மறுமணம் செய்திருந்தது பெரிய பேச்சாகி இருந்தது, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு அந்தப் புது மனைவிக்குக் குழந்தை பிறக்க, அடங்கியிருந்த பேச்சு மறுபடி கிளம்பியது. கோல்ட்வாட்டர் சுமார் 51.6 சதவீதம் வாங்கி வென்றார், மாநிலத்தின் 86 டெலிகேட்டுகளும் மொத்தமாக அவருக்கே போயின. சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ராக்ஃபெல்லர் பேச எழுந்தபோது அரங்கம் கூச்சலிட்டு அவரை மறுபடி மறுபடி இடைமறித்தது. அப்புறம் பொதுத்தேர்தலில் கோல்ட்வாட்டர் வென்றது ஆறே மாநிலங்களில். மேலிடம் சொன்ன எச்சரிக்கை பலித்தது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு வேலை கற்றுக்கொண்ட இளைஞர்கள் கட்சியை விட்டுப் போகவில்லை, அடுத்த இருபது ஆண்டுகளில் ரொனால்ட் ரேகனைக் கொண்டுவந்தவர்களில் பலர் அவர்கள். கோல்ட்வாட்டருக்காக 1964 அக்டோபரில் தொலைக்காட்சியில் பேசித்தான் ரேகனே தேசிய அரசியலில் முதன்முதலாகக் கவனம் பெற்றார்.

1968க்குப் பிறகு ஆட்டத்தின் அமைப்பே மாறியது. இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால் மாற்றியது போட்டிக் கட்சி. ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியை ஜனநாயகக் கட்சி சிகாகோவில் வேட்பாளராக்க, வெளியே தெருவில் கலவரம், உள்ளே கட்சியே இரண்டாகப் பிளந்தது. அதைத் தொடர்ந்து அந்தக் கட்சி அமைத்த குழு டெலிகேட் தேர்வை மக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. அதற்கு எளிய வழி என்று பல மாநிலங்கள் பிரைமரிச் சட்டம் கொண்டுவந்தன. சட்டம் வந்தால் இரண்டு கட்சிக்கும்தானே, குடியரசுக் கட்சியும் அந்த வழிக்கு வந்தது. மூடிய அறையில் நான்கு பேர் உட்கார்ந்து முடிவு செய்யும் காலம் அத்தோடு போனது. 1976இலேயே அதன் பலன் தெரிந்தது. பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து ரேகன் மாநாடு வரை வந்து, 1187க்கு 1070 என்ற கணக்கில்தான் தோற்றார். 1980இல் வென்றார், தன்னோடு மோதிய மேலிடத்து ஆளான ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ்ஷையே துணை அதிபராகச் சேர்த்துக்கொண்டார்.

2010 வாக்கில், அரசின் செலவையும் வரியையும் எதிர்த்த டீ பார்ட்டி என்ற அடித்தட்டு இயக்கம் கிளம்பியபோது இதே சண்டை அதிபர் பதவியிலிருந்து இறங்கி செனட், கீழவை இடங்களுக்கு வந்தது. டெலவேர் மாநிலத்தில் மைக் காசில் என்று ஒருவர், முன்னாள் ஆளுநர், பொதுத்தேர்தலில் எளிதாக வெல்லக்கூடியவர். பிரைமரியில் கிறிஸ்டின் ஓ'டானல் அவரைத் தோற்கடித்தார், நவம்பரில் பெரிய வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி ஒரு காலத்தில் சொல்லிவைத்த யோசனை ஒன்று உண்டு. ஜெயிக்கக்கூடியவர்களுக்குள் யார் மிகவும் வலதுசாரியோ அவருக்கு வாக்களி என்பது அது. டெலவேர் வாக்காளர்கள் அதன் பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார்கள். ஆனால் அதே ஆண்டு கென்டகியில் மேலிடத்தின் ஆளை வீழ்த்திய ராண்ட் பால் செனட்டுக்குப் போனார், ஃபுளோரிடாவில் ஆளுநர் சார்லி கிரிஸ்டை ஓரங்கட்டிய மார்கோ ரூபியோவும் போனார். எனவே வெளியாள் நின்றால் தோல்வி நிச்சயம் என்ற மேலிடத்தின் வாதத்தை முழுதாக நம்ப வேண்டியதில்லை. மாநிலம் எந்தப் பக்கம் சாயும் மாநிலம் என்பதுதான் கேள்வி.

2014 ஜூனில் வர்ஜீனியாவில் நடந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. கீழவையில் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்த எரிக் கேன்டரை டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் பிரைமரியில் தோற்கடித்தார். கேன்டர் தரப்பு செலவழித்தது ஐம்பது லட்சம் டாலருக்கு மேல், பிராட் தரப்பு அதில் ஒரு சிறு பங்கு. குடியேற்றம் பற்றி மேலிடம் ஒன்று நினைக்க, அடித்தட்டு வாக்காளர்கள் வேறொன்று நினைத்தார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. 2012 தோல்விக்குப் பிறகு கட்சியின் தேசியக் குழு ஓர் ஆய்வறிக்கை எழுதி, குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டால்தான் எதிர்காலம் என்று சொல்லியிருந்தது. 2015 ஜூனில் டிரம்ப் அதற்கு நேரெதிரான பேச்சோடு வந்து நின்றார்.

அந்தப் போட்டியில் மொத்தம் 17 பேர். மேலிடத்தின் முதல் தேர்வு ஜெப் புஷ், அதிபர்களாக இருந்த இரண்டு புஷ்களில் ஒருவருக்கு மகன், மற்றவருக்குத் தம்பி. அவருக்காக வேலை செய்த ‘ரைட் டு ரைஸ்’ என்ற நிதி அமைப்பு (வேட்பாளரோடு சேராமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டிச் செலவழிக்கலாம் என்ற வகை) சில மாதங்களிலேயே பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கடைசியில் கிடைத்த டெலிகேட்டுகள் 4.

ஏன்? தெற்குக் கரோலினாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். 2016 பிப்ரவரி 20. டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். ரூபியோ 22.5, டெட் குரூஸ் 22.3, ஜெப் புஷ், ஜான் கேசிக், பென் கார்சன் மூவரும் ஆளுக்கு ஏழெட்டு. அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாரையோ விரும்பினார்கள். ஆனால் அந்த மாநிலத்து விதிப்படி மாநிலத்திலும் ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருபவருக்கே டெலிகேட்டுகள். 50க்கு 50 டிரம்புக்கு. அன்றிரவே ஜெப் புஷ் விலகினார். மற்றவர்கள் விலகவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவன் விலகட்டும், அப்புறம் நானும் டிரம்பும் மட்டும் நின்றால் ஜெயிப்பேன் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் நியாயமானதாகத்தான் இருந்தது, எல்லோரும் அதையே போட்டதால் யாருக்கும் உதவவில்லை. அதோடு டிரம்பை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். புஷ் ஆதரவு நிதி அமைப்பு கோடிக்கணக்கான டாலரை ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களில் செலவழித்தது.

மார்ச் 3ஆம் தேதி ராம்னி பேசினார். ஃபுளோரிடாவில் ரூபியோவுக்கும் ஒஹையோவில் கேசிக்குக்கும் போடுங்கள், எங்கே யார் பலமோ அங்கே அவருக்குப் போடுங்கள் என்பது அவர் யோசனை. மார்ச் 15இல் கேசிக் தன் மாநிலத்தை வென்றார், ரூபியோ தன் மாநிலத்தில் தோற்றார், ஃபுளோரிடாவின் 99 டெலிகேட்டுகளும் ஒரே வீச்சில் டிரம்புக்குப் போயின. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, அந்த விதிகளை எழுதியது யார் என்பது. 2012இல் போட்டி நீண்டு இழுத்துக்கொண்டே போனதால் கட்சி காயப்பட்டது என்று நினைத்த தேசியக் குழு, நாள்காட்டியைச் சுருக்கி, மாநாட்டை ஜூலைக்குக் கொண்டுவந்தது. முன்னணியில் இருப்பவர் சீக்கிரம் வென்று முடிக்கட்டும் என்பது நோக்கம். முன்னணியில் இருப்பவர் தங்கள் ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்தார்கள். மாநாட்டில் ஒருவர் பெயர் முன்மொழியப்பட வேண்டுமானால் எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை டெலிகேட்டுகள் வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். 2012 போட்டியில் ராம்னியை எதிர்த்து நின்ற ரான் பாலின் ஆதரவாளர்களை அடக்க அந்த ஆண்டு போட்டது, நான்கு வருடம் கழித்து மேலிடத்துக்கே முட்டுக்கட்டையாக நின்றது. ஒரு விதி, அதை எழுதியவனுக்குப் பிடித்தவன் யார் என்று பார்த்து வேலை செய்யாது.

இதற்கு நடுவே டெட் குரூஸை எங்கே வைப்பது? அவர் செனட்டர், ஆகவே வெளியாள் இல்லை. 2013இல் அரசு இயக்கம் முடங்கிப்போன விவகாரத்தில் முன்னால் நின்று சொந்தக் கட்சித் தலைவர்களையே பகைத்துக்கொண்டவர், ஆகவே மேலிடமும் இல்லை. இந்த மூன்றாவது வகையைக் கொள்கைக் கலகக்காரர் என்று சொல்லலாம். உள்ளே இருந்துகொண்டே, நீங்கள் போதுமான அளவு பழமைவாதிகளாக இல்லை என்று குற்றம் சாட்டுபவர்கள். கொள்கை அளவில் பார்த்தால் குரூஸ்தான் பழமைவாதி, ‘நேஷனல் ரிவ்யூ’ போன்ற பழமைவாத இதழ்கள் டிரம்பை எதிர்த்ததற்குச் சொன்ன காரணமே அவர் பழமைவாதி இல்லை என்பதுதான். ஆனால் மேலிடத்தில் பலருக்கு டிரம்பைவிட குரூஸ் மேல்தான் வெறுப்பு அதிகம். முன்னாள் வேட்பாளர் பாப் டோல், குரூஸ் வந்தால் கட்சிக்குப் பேரழிவு, டிரம்ப் பரவாயில்லை என்கிற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். பேரம் பேச முடியாதவரைவிட, எதையும் பேரமாகப் பார்ப்பவரோடு காலம் தள்ளலாம் என்று நினைத்தார்கள். மே 3 அன்று இண்டியானாவில் தோற்று குரூஸ் விலக, மறுநாள் கேசிக்கும் விலகினார். மொத்த பிரைமரி வாக்கில் டிரம்ப் வாங்கியது சுமார் 45 சதவீதம்தான்.

இது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவர் பதவிக்கு முதலில் எம்.பி.க்கள் வாக்களித்து இரண்டு பேராகக் குறைப்பார்கள், பிறகுதான் சாதாரண உறுப்பினர்களிடம் போகும். 2022இல் எம்.பி.க்கள் ரிஷி சுனக்கை முதலில் வைத்தார்கள், உறுப்பினர்கள் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், 49 நாளில் அவர் போக வேண்டியதாயிற்று. உடனே அடுத்த போட்டிக்கு 100 எம்.பி.க்கள் கையெழுத்து வேண்டும் என்று வரம்பை உயர்த்தினார்கள். அதைத் தாண்டிக் களத்தில் நின்றது சுனக் ஒருவர்தான், உறுப்பினர்கள் வரை வாக்கு போகவே இல்லை. அங்கே கதவு இன்னும் எம்.பி.க்கள் கையில் இருக்கிறது, அமெரிக்காவில் அப்படி இறுக்கிப்பிடிக்கக் கைப்பிடியே இல்லை.

அப்புறம் வெளியாள் வென்றபின் என்ன ஆகிறது? அவரே மேலிடமாகிவிடுகிறார். 2023இல் கலிஃபோர்னியா மாநிலக் கட்சி, பாதிக்கு மேல் வாக்கு வாங்குபவருக்கு 169 டெலிகேட்டுகளும் என்று விதியை மாற்றியது, அது அப்போது யாருக்கு வசதி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 2024 மார்ச்சில் டிரம்பின் மருமகள் லாரா டிரம்ப் தேசியக் குழுவின் இணைத் தலைவரானார். ஒரு காலத்தில் மேலிடம் விரும்பியிருக்கக்கூடிய முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலி, இப்போது கட்சி அமைப்பை எதிர்த்து நிற்பவராகப் பிரசாரம் செய்ய வேண்டிவந்தது.

அதே போட்டியில் நின்ற விவேக் ராமசாமியை நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பெற்றோருக்கு சின்சினாட்டியில் பிறந்தவர், மருந்துத் துறைத் தொழிலதிபர், எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அயோவாவில் நான்காவதாக வந்து அன்றிரவே விலகி டிரம்பை ஆதரித்தார். 2025 பிப்ரவரியில் ஒஹையோ ஆளுநர் பதவிக்கு நிற்பதாக அறிவித்தார், டிரம்ப் உடனே ஆதரவு தந்தார், மே மாதம் மாநிலக் கட்சி அமைப்பும் அதிகாரபூர்வமாக அவரை ஆதரித்தது. பிரைமரி நடக்க அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது.